உவர்நீர்க் கிராமங்களில் சமையலறை ஜன்னல் சாகுபடி

கொத்தமல்லித் தழையும் கறிவேப்பிலையும் காய்கறி வாங்கும்போது கொசுறாகக் கிடைக்க வேண்டியவை என்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நெடுநாளாக ஊறிய எண்ணம். அவற்றுக்கென்று தனியாகக் காசு கொடுக்க எவருக்கும் மனம் வருவதில்லை. அவற்றைப் பயிரிட வேண்டும் என்ற நினைவும் அதிகமாக எழுவதில்லை. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தழை வரத்துக் குறைந்து விலை ஏறும்போது கொசுறு நின்றுவிடுகிறது. சந்தைக்குத் தொலைவிலுள்ள ஊர்களிலோ, வாங்கிய கட்டு வீடு சேருமுன் பாதி வாடிவிடுகிறது. மீன் குழம்புக்கும் துவையலுக்கும் இன்றியமையாத இத்தழைகளைச் சமையலறை ஜன்னல் திண்டிலேயே வளர்த்துக்கொள்வது பெரிய காரியமன்று. ஐந்தாறு தொட்டிகளும், நாளொன்றுக்குக் கால்மணி நேரக் கவனிப்பும் போதும்.

ஆனால் திருவள்ளூர் ஜில்லா, பொன்னேரித் தாலூகாவைச் சேர்ந்த காட்டூரிலும், பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவக் கிராமங்களிலும் இம்முயற்சிக்கு ஒரு தனித் தடை உண்டு. விதை முளைக்கும், நாலிலை விடும், பின்னர் இலை நுனி தீய்ந்து, செடி குன்றிச் சாயும். "என் கைக்கு ஒன்றும் வராது" என்று வீட்டுப் பெண்மணி தன் கைராசியை நொந்துகொள்வாள். குற்றம் கையில் இல்லை. ஊற்றிய தண்ணீரில் இருக்கிறது. அதை அறிந்து தொட்டி வைத்தால் உவர்நிலத்துக் கிராமத்திலும் பசுந்தழைக்குக் குறைவில்லை.

கிணறுகள் கரித்த வரலாறு

ஆரணியாறும் கொற்றலையாறும் காலங்காலமாகக் கொணர்ந்து சேர்த்த மணற்படுகைகளில் இப்பகுதியின் நிலத்தடி நீர் தங்கியிருக்கிறது. சென்னை நகரத்தின் தேவைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் 1960களின் பிற்பகுதியிலிருந்து குழாய்க் கிணறுகள் மூலம் நீர் எடுக்கப்பட்டு வந்தது. அதே காலத்தில் வயல்களிலும் பம்புசெட்டுகள் பெருகின. கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. மேலிருந்து அழுத்தும் நன்னீர் குறையக் குறைய, கடல்நீர் நிலத்தின் அடியில் உள்நோக்கி நகரும். 1969ஆம் வருஷத்தில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை காணப்பட்ட இவ்வுவர்ப்பு, 1983இல் சுமார் 9 கிலோமீட்டருக்கும், 2007இல் சுமார் 15 கிலோமீட்டருக்கும் எட்டியதாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஏற்பட்டது. நகரத்துக்கு அது உதவிற்று; ஆனால் நிலத்தடியில் ஒருமுறை ஏறிய உப்பு அவ்வளவு எளிதில் இறங்குவதன்று.

உப்பின் கணக்கு

பாசன நீரிலுள்ள உப்பை மின்கடத்தும் திறனைக் கொண்டு அளப்பது வழக்கம். இதன் அலகுக்கு டெசிசீமன்ஸ் என்று பெயர். ஓர் அலகு என்பது லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்புக்குச் சமம். உலக உணவு வேளாண்மை ஸ்தாபனம் 1985இல் வெளியிட்ட அளவுகோலின்படி, 0.7க்கு உட்பட்ட நீர் எப்பயிருக்கும் தடையில்லாதது; 0.7 முதல் 3 வரை எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. 3க்கு மேற்பட்டது கடுமையான தடையுள்ளது.

அளவு 2 உள்ள கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் உப்பு அதில் இருக்கும். வேறு வழியில்லாத ஊர்களில் இதைக் குடிக்கவும் செய்வார்கள். சற்றே கரிக்கும், அவ்வளவே. ஒரு சாண் அகலத் தொட்டிக்கு இந்நீரை நாள்தோறும் அரை லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 15 லிட்டர் ஆகும். அதிலுள்ள உப்பு சுமார் 19 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி நிறைய. தண்ணீரைச் செடி குடிக்கிறது. காற்றும் வெயிலும் மீதியைக் கொண்டுபோகின்றன. உப்பு மட்டும் எங்கும் போவதில்லை. இரண்டு மாதத்தில் இரண்டு கரண்டி, மூன்று மாதத்தில் மூன்று கரண்டி என்று அந்த நாலைந்து கிலோ மண்ணிலேயே அது சேர்ந்துவிடுகிறது. செடியின் வேரில் யாரேனும் கரண்டி கரண்டியாக உப்பைக் கொட்டுவார்களா? கரிக்கும் நீரை அளவின்றி ஊற்றுவோர் தெரியாமலே அதைச் செய்கின்றனர்.

தொட்டியின் வெளிப்புறத்திலும் விளிம்பிலும் வெண்மையாகப் பூத்திருந்தால், உப்புச் சேர்ந்திருப்பதற்கு அதுவே முதல் அடையாளம். இலை நுனியும் ஓரமும் பழுப்பாகத் தீய்வது இரண்டாம் அடையாளம். இரண்டையும் கண்ட பின்னும் "தண்ணீர் போதவில்லை" என்று அதே நீரை மேலும் ஊற்றுவது செடியைக் கொல்வதாகும்.

தொட்டிக்கும் முகத்துவாரம் வேண்டும்

இதற்குப் பரிகாரம் என்ன என்பதை ஏரிக்கரை ஜனங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆரணியாறும் காளங்கியாறும் வெள்ளம் கொண்டுவரும் மாதங்களில் பழவேற்காட்டு ஏரியின் கரிப்புக் குறைகிறது. கோடையில் ஆற்று வரத்து நின்று, மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடுமானால், நீர் ஆவியாகி உப்பு தங்கி, ஏரி கடலைவிடவும் கரிக்கத் தொடங்குகிறது. அப்போது மீன்பாடு குறைவதை ஒவ்வொரு மீனவரும் அறிவார். அடியில் துவாரமில்லாத தொட்டி, முகத்துவாரம் அடைபட்ட ஏரியே ஆகும்.

ஆகையால் எந்தப் பாத்திரமானாலும் அடியில் சுண்டுவிரல் நுழையும் துவாரங்கள் மூன்றேனும் இருக்க வேண்டும். துவாரத்தின்மேல் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் அடைக்காது. நீர் ஊற்றும்போது அடியில் சிறிது வடியும் அளவுக்கு ஊற்ற வேண்டும். வடிந்த நீரைத் தட்டிலேயே நிற்க விடலாகாது. கழுவி வந்த உப்பு மறுபடியும் மண்ணில் ஏறிவிடும். மாதம் ஒருமுறை வழக்கமான அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நன்னீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் தேங்கிய உப்பு கழன்றுவிடும்.

தண்ணீர்ச் சேமிப்பு

உப்பற்ற நீருக்கு முதல் இடம் மழையே. தமிழ்நாட்டில் 2003ஆம் வருஷத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்பு அமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வமைப்பு பெரும்பாலும் நீரை நிலத்துக்குள் விடுவதற்கே. கூரைநீரில் ஒரு பகுதியை ஒரு பீப்பாயில் பிடித்துக்கொண்டால் தொட்டிகளுக்கு அது அமிர்தமாகும். பத்துச் சதுர மீட்டர் கூரையின்மேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 250 லிட்டர் நீர் விழுகிறது. சேதாரம் போக, 200 லிட்டர்ப் பீப்பாய் ஒரே மழையில் நிரம்பிவிடும். கூரையின் அழுக்கும் கடற்காற்றில் படிந்த உப்பும் கழிவதற்காக, மழை தொடங்கிய முதல் பத்து நிமிஷ நீரைப் பிடிக்கலாகாது. பீப்பாயின் வாயைத் துணியால் இறுகக் கட்டாவிட்டால் கொசு முட்டையிட்டு டெங்குக் காய்ச்சலுக்கு இடமாகும்.

ஆறு தொட்டிகளுக்கு நாளொன்றுக்குத் தலா அரை லிட்டர் என்றால் மூன்று லிட்டர். ஒரு பீப்பாய் நீர் அறுபத்தைந்து நாட்களுக்கு வரும். மார்கழியில் நிரப்பி மூடிய இரண்டு பீப்பாய்களைக் கொண்டு சித்திரை முடிய ஓட்டலாம்.

இரண்டாவது, அரிசி கழுவிய நீர். குடிநீரால் கழுவியதானால் தாராளமாக ஊற்றலாம். கரிக்கும் கிணற்று நீரால் கழுவியதானால் அக்கழுநீரும் கிணற்று நீரே என்பதை நினைவில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி பொருத்திய வீடுகளில் அதிலிருந்து சொட்டும் நீரும் உப்பற்றதே.

விலக்க வேண்டிய நீர் மூன்று. மீன் கழுவிய நீரைச் செடிக்கு உரமென்று ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. உப்பிட்டு அலசிய நீரும் கருவாடு ஊறவைத்த நீரும் தழைச்செடிக்கு நஞ்சு. அடுத்தது, குடிநீர்ச் சுத்திகரிப்பு யந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர். வீணாகிறதே என்று அதைப் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் யந்திரம் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. சோப்புக் கலந்த நீரும் கூடாது.

ஜன்னலின் திசை

காட்டூர் ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஆவணியிலிருந்து சித்திரை நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்; எஞ்சிய மாதங்களில் சற்றே வடக்கே சாயும். ஆகையால் தெற்கு ஜன்னலில் மார்கழி, தை மாதங்களில் நல்ல வெயில் விழுவதும், வைகாசி, ஆனியில் விழாமலிருப்பதும் இயல்பு. வருஷம் முழுவதும் காலை வெயில் தருவது கிழக்கு ஜன்னலே, இதுவே உத்தமம். மேற்கு ஜன்னலில் அக்கினி நட்சத்திர நாட்களில் தொட்டி சுட்டு வேர் வெந்துவிடும். அப்போது தொட்டியை உள்ளே இழுத்து வைக்க வேண்டும்.

கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் நாளொன்றுக்கு நான்கு மணி நேர வெயிலாவது வேண்டும். புதினாவும் கற்பூரவல்லியும் மூன்று மணி நேரத்திலும் திருப்தியடையும். அடுப்பின் அனல் படாதபடி ஒரு முழம் தள்ளி வைப்பது நன்று. கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று இலைமேல் உப்பைப் படியச் செய்வதால் வாரம் ஒருமுறை நன்னீர் தெளித்து இலையைக் கழுவ வேண்டும். திண்டு குறுகலானால் கீழே பலகை அடித்து, ஜன்னல் கம்பியோடு தொட்டியைக் கட்டி வைத்தால் காற்றில் விழாது.

மண்ணும் பாத்திரமும்

செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவெரு ஒரு பங்கு சேர்த்துக் கலக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதென்று கடற்கரை மணலையோ ஏரிக்கரை மணலையோ எடுக்கலாகாது. உப்பும் சிப்பித் தூளும் அதில் கலந்திருக்கும். கடைகளில் கட்டியாக விற்கும் தென்னை நார்க்கழிவு மண்ணை இலேசாக்கும். ஆனால் அதிலும் உப்பு இருப்பதுண்டு. இரண்டு மூன்று முறை நன்னீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே கலக்க வேண்டும். அடுப்புச் சாம்பலைத் தொட்டியில் கொட்டும் வழக்கத்தை உவர்ப்பகுதியில் விட்டுவிடுவதே நலம். மீன் தலையையும் குடலையும் தொட்டியில் புதைத்தால் எறும்பும் பூனையும்தான் பயனடையும்.

மண்தொட்டி சிறந்தது. எண்ணெய் டப்பாவும் உடைந்த வாளியும் உதவும். மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டிகள் இவ்வூர்களில் ஏராளமாக ஒதுக்கப்படுகின்றன. அவை வெயிலில் சுடாதவை, கனமற்றவை. கீரை விதைக்க மிகவும் ஏற்றவை. நன்னீரால் இரண்டு முறை கழுவி, அடியில் துளையிட்டுப் பயன்படுத்தலாம்.

பயிர்கள்

கொத்தமல்லி: மளிகைக் கடைத் தனியாவிலேயே புதியதாகப் பார்த்து எடுக்கலாம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ ரகங்கள் கிடைத்தால் இன்னும் நன்று. முழுத் தனியா என்பது இரண்டு விதைகள் ஒட்டிய காய். பலகையால் இலேசாகத் தேய்த்து இரண்டாகப் பிரித்து, பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைக்க வேண்டும். முளைக்க எட்டு முதல் பதினைந்து நாட்கள் ஆகும். பொறுமையிழந்து மண்ணைக் கிளறலாகாது. நாற்றைப் பிடுங்கி நட்டால் தேறாது. முப்பத்தைந்து நாற்பது நாட்களில் தழை கிள்ளலாம். பதினைந்து நாட்களுக்கு ஒரு தொட்டியாக விதைத்து வந்தால் இடைவிடாமல் கிடைக்கும். கோடையில் இது சீக்கிரம் பூத்துவிடும். ஆவணி முதல் மாசி வரை விதைப்பதே லாபகரம்.

வெந்தயம்: மூன்று நான்கு நாட்களில் முளைக்கும். இருபது இருபத்தைந்து நாட்களில் வேரோடு பிடுங்கிச் சமைக்கலாம். முதன்முதல் தொட்டி வைப்போருக்கு ஊக்கம் தரும் பயிர் இதுவே.

புதினா: கடையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளைப் பொறுக்கி, நான்கு விரல் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளை நீக்கிச் செருகினால் இரண்டு வாரத்தில் வேர்விடும். இது படர்ந்து ஓடும் இயல்புடையதாகையால் ஆழத்தைவிட அகலமான பாத்திரம் வேண்டும். அறுக்கும்போது அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும்.

கற்பூரவல்லி: ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும். தடித்த இலையில் நீரைச் சேமித்துக்கொள்வதால் குறைந்த தண்ணீரில் வாழும். அதிகமாக ஊற்றினால் அழுகும். பஜ்ஜிக்கும், குழந்தைகளின் இருமல் கஷாயத்துக்கும் பயன்படுவது யாவரும் அறிந்ததே. பீப்பாய் நீர் வற்றும் வைகாசி, ஆனி மாதங்களில் மற்றவற்றை நிறுத்தி, இதையும் ஒரு புதினாத் தொட்டியையும் மட்டும் காப்பாற்றி வைப்பது புத்திசாலித்தனம்.

கறிவேப்பிலை: இது மரமாகும் இனம், ஜன்னல் திண்டு இதற்கு ஒரு வருஷத் தொட்டிலே. பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். மூன்று வாரம் கடந்தால் முளைப்புத் திறன் போய்விடும். செடி ஒரு முழம் ஆனதும் துளையிட்ட பெரிய பீப்பாய்க்கு மாற்றித் தாழ்வாரத்தில் வைக்கலாம். முதல் வருஷம் இலை பறிக்காமலிருப்பது நலம்.

பூச்சிகள்

கொத்தமல்லியில் அசுவினி கண்டால் நீரைப் பீச்சிக் கழுவினாலே பெரும்பாலும் நீங்கும். நீங்காவிடில் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கரைத்து மாலையில் தெளிக்கலாம். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பவை எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம் புழுக்கள். கையால் பொறுக்கிவிட வேண்டும். பச்சையாகவே வாயில் போடும் தழையாகையால் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் ஒரு சொட்டும் இங்கே கூடாது.

மழை வந்ததும் செய்ய வேண்டியது

2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது நாகப்பட்டினக் கடற்கரை வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது. இனி அங்கே பயிர் ஏது என்று பலர் கைவிட்டனர். ஆயினும் அடுத்து வந்த பருவமழை நீரை வரப்புக் கட்டித் தேக்கி வடித்ததில் உப்பு பெரும்பாலும் கழுவுண்டு, பல வயல்களில் ஒன்றிரண்டு வருஷத்தில் நெல் விளைந்தது. அதே வைத்தியம் தொட்டிக்கும் பொருந்தும். ஐப்பசியில் முதல் நல்ல மழை பிடித்தவுடன் எல்லாத் தொட்டிகளையும் ஜன்னலிலிருந்து இறக்கி, வெட்டவெளியில் செங்கல்மேல் வைத்து, மழை அவற்றினூடே வழிந்தோடவிட வேண்டும். வருஷம் முழுவதும் சேர்ந்த உப்பைச் செலவின்றிக் கழுவ இதைவிடச் சிறந்த வழி இல்லை. பின்னர் ஒரு பிடி மக்கிய எரு இட்டுப் புதிதாக விதைக்கலாம். ஆனால் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம்போன்ற புயல் எச்சரிக்கை இருந்தால் தொட்டிகள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

நிலக்காரருக்கும் கிராம அதிகாரிகளுக்கும்

ஐந்து தொட்டிக் கீரைக்கு இத்தனை விவரம் ஏன் என்று ஏக்கர் கணக்கில் பயிரிடுவோர் கேட்கலாம். தொட்டியில் மூன்று மாதத்தில் தெரிவது வயலில் பத்து வருஷத்தில் தெரியும், வேற்றுமை அவ்வளவே. தம் கிணற்று நீரால் வளர்த்த தொட்டியின் விளிம்பு வெளுத்ததென்றால், வடிகால் தூர்ந்த வயலுக்கும் அதுவே நேர்கிறது என்று அறிந்து, நீரையும் மண்ணையும் உடனே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நீர் மாதிரி எடுக்கும்போது பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரால் புட்டியை அலசி, ஒரு லிட்டர் பிடித்துக் கிணற்றின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுதல் அவசியம். திரூரிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தாரிடம் இது குறித்து ஆலோசனை பெறலாம்.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் பொதுக் கிணறுகளின் நீரை மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்கச் செய்து, முடிவை ஊராட்சிப் பலகையில் எழுதி வைத்தால், எந்தக் கிணற்று நீர் எதற்கு ஆகும் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்துகொள்வார்கள். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தின்கீழ் சமையல் நடக்கும் பள்ளிகளில் கூரைநீர்ப் பீப்பாய் ஒன்றும் பத்துத் தெர்மோகோல் பெட்டிகளும் வைப்பது பெரிய செலவன்று. அங்கே பிள்ளைகள் கண்டதை வீட்டில் செய்து பார்ப்பார்கள்.

தொடங்க விரும்புவோர் இந்த மாதமே மூன்று காரியங்களைச் செய்யலாம்: கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தல், ஒரு பீப்பாய்க்கு இடம் பார்த்தல், ஒரு தொட்டியில் வெந்தயம் தூவுதல். இருபத்தைந்தாம் நாள் அந்தக் கீரை குழம்பில் விழும்போது, கைராசி இல்லை என்று நொந்துகொண்ட பெண்மணிக்கு உண்மை விளங்கும். கை என்றும் நல்ல கைதான். தண்ணீரே பார்த்து ஊற்ற வேண்டியது.